வீட்டுக்கு நிழல் தரும் புங்கமரம்: இடம் பார்ப்பது முதல் கிளை கழிப்பது வரை

வீட்டருகே ஒரு நிழல் மரம் வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் பெரும்பாலும் நேராக நாற்றுப்பண்ணைக்குப் போகிறார்கள். அங்கே இருப்பதில் எது உயரமாகவும் தளதளவென்றும் நிற்கிறதோ அந்தக் கன்றை வாங்கி வந்து, வீட்டைச் சுற்றி எங்கே மண் தெரிகிறதோ அங்கே வைத்துவிடுகிறார்கள். பத்து ஆண்டுகளில் மரம் வளர்ந்துவிடும். ஆனால் அதன் நிழல் பக்கத்து மனையில் விழுந்துகொண்டிருக்கும், அல்லது மின்கம்பிக்காக ஆண்டுதோறும் தலை வெட்டப்பட்டு மரமே மொட்டையாக நிற்கும். இந்த வேலையின் வரிசை அதற்கு நேர் எதிரானது. எந்த நேரத்து வெயிலை மறைக்க வேண்டும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். அந்த வெயிலை மறைக்கக்கூடிய இடத்தை அதற்கடுத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த இடத்தின் அகலத்துக்கும் மண்ணுக்கும் ஒத்துவரும் மரம் எது என்பதை அதன் பிறகே முடிவு செய்ய வேண்டும். கன்று வாங்குவது கடைசி வேலை. அப்போதும் பார்க்க வேண்டியது கன்றின் உயரத்தை அல்ல, வேரை.

தமிழ்நாட்டின் சமவெளியில் ஓரளவு இடமுள்ள வீட்டுக்கு என்ன மரம் வைக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது புங்கு. அந்த ஒரு மரத்தை மையமாக வைத்தே இங்கு எழுதுகிறேன். இடம் பார்ப்பது, குழி எடுப்பது, கிளை கழிப்பது பற்றிச் சொல்வனவற்றில் பெரும்பகுதி மற்ற நாட்டு மரங்களுக்கும் பொருந்தும்.

ஏன் புங்கு

புங்கை, புங்கன், புங்கம் என்று ஊருக்கு ஊர் பெயர் சற்று மாறும். பழைய வடிவம் புன்கு. ஆற்றங்கரைகளிலும் கடலோரக் கழிகளின் ஓரத்திலும் தானாக வளர்வது. வைத்தீசுவரன் கோயிலுக்கு அருகில் உள்ள திருப்புன்கூருக்குப் பெயர் தந்ததும் இந்த மரம்தான். அங்குள்ள சிவலோகநாதர் கோயிலின் தல மரமும் இதுவே. கரையில் நின்று பழகிய மரமாதலால் சில நாட்கள் வேரடியில் தண்ணீர் தேங்கினாலும் தாங்கும். ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் வறட்சியையும் தாங்கும். ஓரளவு உப்புத் தண்ணீரிலும் வளரும். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததால் இதன் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன. வயலுக்குத் தழையுரமாகப் புங்க இலையை உழவர்கள் மிதித்து வந்ததற்கு அதுவே காரணம்.

நிழல் என்ற அளவில் பார்த்தால் இந்த மரத்தின் பெரிய சிறப்பு அது இலையுதிர்க்கும் காலம். பனிக்காலத்தின் இறுதியில் பழைய இலைகளைக் கொட்டிவிட்டு, சில வாரங்களுக்குள்ளேயே மெருகேறிய செம்புப் பச்சையில் தளிர்த்துவிடும். வெயில் ஏறும் ஏப்ரலில் புதுத் தழை முற்றி, உச்சி வெயிலின் ஒளிக்கீற்றுகூட அதிகம் இறங்காத அளவுக்கு அடர்ந்து நிற்கும். வாகையும் நல்ல நாட்டு மரம்தான். ஆனால் கோடை தொடங்கும்போதும் காய்ந்த நெற்றுகளைச் சலசலத்துக்கொண்டு இலையில்லாமல் நிற்கும் வழக்கம் அதற்கு உண்டு. நிழலுக்காக வைக்கும் மரம் நமக்கு நிழல் தேவைப்படும் மாதங்களில் இலையோடு இருக்க வேண்டும் என்பது எளிய செய்தி. ஆயினும் கன்று வாங்கும்போது இதை எண்ணிப் பார்ப்பவர் குறைவு.

மற்ற நாட்டு மரங்களையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். வேம்பு எல்லோருக்கும் தெரிந்தது. தண்ணீர் குறைந்த கரிசலிலும் செம்மண்ணிலும் புங்கைவிட அதுவே பொருத்தம். கடற்காற்று நேராக அடிக்கும் மணற்பாங்கான இடத்தில் புன்னையும் பூவரசும் நன்றாக நிற்கும். புன்னை மெதுவாக வளரும், பூவரசு போத்து நட்டாலே பிடித்துக்கொள்ளும். இடம் குறுகலாக இருந்தால் மகிழம் வைக்கலாம். ஆனால் அதன் நிழலுக்குப் பொறுமையோடு காத்திருக்க வேண்டும். இலுப்பையும் மருதமும் தோட்டத்துக்கும் வாய்க்கால் கரைக்கும் உரியவை. ஆலையும் அரசையும் குளக்கரைக்கும் ஊர்ப் பொதுவிடத்துக்கும் விட்டுவிடுவது நல்லது. வீட்டுச் சுவருக்கு அருகில் அவற்றின் வேருக்கு இடமில்லை.

சாலையோரங்களில் மிகுதியாகக் காணப்படும் குல்மோகர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. தூங்குமூஞ்சி மரத்தின் தாயகம் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. விரைவாக வளர்ந்து அகலமான நிழல் தருபவை என்பதில் ஐயமில்லை. ஆனால் குல்மோகரின் வேர் மேலோட்டமாகப் பரவுவது, கட்டை மென்மையானது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அவற்றில் குல்மோகர் போன்றவை எத்தனை என்பதை அன்று தெருக்களில் நடந்தவர்கள் கண்ணாரக் கண்டார்கள். அதே வேளையில், சிமென்ட் பூசிய நடைபாதையில் வேர் பரப்ப இடமின்றி நின்ற வேம்பும் புங்கும்கூடச் சாய்ந்தன என்பதையும் மறைக்கக் கூடாது. நாட்டு மரம் என்பதாலேயே எந்த மரமும் காற்றைத் தாங்கிவிடாது. வேருக்கு மண் வேண்டும்.

எங்கே வைப்பது

நம் நாட்டில் சூரியன் செல்லும் பாதையை மனத்தில் கொண்டால் இடத்தைத் தேர்வது எளிது. சென்னையில் ஏப்ரல் இறுதியிலும் ஆகஸ்ட் நடுவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட மே, ஜூன், ஜூலை மாதங்களில் உச்சிக்குச் சற்று வடக்கே இருக்கும். கன்னியாகுமரியில் இந்த வடக்குக் காலம் இன்னும் சில வாரங்கள் நீளும். ஆகவே கோடையில் வீட்டின் தெற்குச் சுவரில் வெயில் அநேகமாக விழுவதில்லை. தெற்குப் பக்கத்தில் வைத்த மரம், வெயில் இதமாக இருக்கும் மார்கழியில்தான் சுவருக்கு நிழல் தரும். நான் முதன்முதலில் வைத்த புங்கு அப்படித்தான் அமைந்தது. மரம் செழித்தது, படுக்கையறைச் சுவர் மட்டும் இரவு பத்து மணி வரை கொதித்துக்கொண்டே இருந்தது.

வீட்டைக் கொதிக்க வைப்பது பிற்பகல் இரண்டு மணி முதல் சூரியன் மறையும் வரை மேற்குச் சுவரில் சரிந்து விழும் வெயில். கோடையில் சூரியன் நேர் மேற்கில் மறையாமல் வடமேற்காகச் சாய்ந்து மறைவதால், மேற்கும் வடமேற்கும் மரம் வைக்கச் சிறந்த பக்கங்கள். மே மாதத்தில் சென்னைப் பக்கம் மாலை 3 மணிக்கு ஒரு மரத்தின் நிழல் ஏறத்தாழ அதன் உயரத்தின் அளவுக்கு நீளும். 4 மணிக்கு உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு ஆகிவிடும். அதாவது 25 அடி உயர மரத்தை மேற்குச் சுவரிலிருந்து 20 அடி தள்ளி வைத்தாலும் 3 மணிக்கே நிழல் சுவரைத் தொட்டுவிடும். சுவரை ஒட்டி மரம் வைத்தால்தான் நிழல் கிடைக்கும் என்ற எண்ணம் தவறு. ஒரு நீளமான மூங்கிலை நட்டு, மே மாதத்தில் ஒரு நாள் அதன் நிழல் மணிக்கு மணி எங்கே நகர்கிறது என்று சுண்ணாம்பால் குறித்துப் பாருங்கள். இந்த ஒரு நாள் வேலை பல ஆண்டு வருத்தத்தைத் தவிர்க்கும்.

வாசலில் கட்டில் போட்டு உட்காரவோ வண்டி நிறுத்தவோ நிழல் வேண்டுமென்றால் கணக்கு வேறு. உச்சி வெயில் நேர் மேலிருந்து விழுவதால் நிழலும் மரத்தடியிலேயே விழும். எந்த இடத்தில் நிழல் வேண்டுமோ அந்த இடத்துக்கு அருகிலேயே மரம் நிற்க வேண்டும்.

முழுதாக வளர்ந்த புங்கு 40 அடி உயரத்தையும் ஏறத்தாழ அதே அளவு அகலத்தையும் எட்டும். எனவே வீட்டின் அடித்தளத்திலிருந்து குறைந்தது 15 அடி தள்ளி வைக்க வேண்டும். கழிவுநீர்த் தொட்டி, நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றிலிருந்தும் அதே தொலைவு விடுவது நல்லது. மின்கம்பிக்கு நேர் கீழே ஒருபோதும் வைக்கக் கூடாது. கம்பிக்காகக் கிளைகளை வெட்டுபவர்கள் மரத்தின் வடிவத்தைப் பார்த்து வெட்டுவதில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அரை கிரவுண்டு மனையில், அதாவது 1,200 சதுர அடியில், வீடு போக மீதியில் புங்குக்கு இடம் இருக்காது. அப்படிப்பட்டவர்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டு, தெருவோரத்தில் வைக்கலாம்.

கன்றைத் தேர்வது

வனத்துறை நாற்றங்கால்களிலும் தனியார் பண்ணைகளிலும் புங்கங்கன்று எளிதில் கிடைக்கும். பெயர் ஒலியால் புன்னையைப் புங்கு என்று எடுத்துக் கொடுத்துவிடுவதுண்டு. புங்கின் காம்பு ஒன்றில் ஐந்து முதல் ஏழு சிற்றிலைகள் இருக்கும், நுனியில் ஒன்று தனியாக நிற்கும். புன்னையின் இலை தனி இலை, தோல் போலத் தடித்தது, நரம்புகள் நெருக்கமான இணைகோடுகளாக ஓடும், கிள்ளினால் பால் வரும். ஒரு முறை கண்டால் மறக்காது.

பலரும் எட்டடி, பத்தடிக் கன்றுகளைக் கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். நிழல் விரைவில் கிடைக்கும் என்ற நம்பிக்கை அது. ஆனால் சிறிய பையில் நெடுநாள் நின்ற கன்றின் ஆணிவேர் பையின் அடியைத் தொட்டதும் கீழே போக வழியின்றி வட்டமாகச் சுற்றத் தொடங்கிவிடும். அந்தச் சுருள் மண்ணில் நட்ட பிறகும் அவிழ்வதில்லை. மேலே கிளை பரவப் பரவக் கீழே வேர் தன்னையே நெரித்துக்கொள்ளும். ஐந்தாறு ஆண்டு மரம் ஒரு காற்றில் அடியோடு சாயும்போதுதான் உண்மை தெரியவரும். அப்படிச் சாய்ந்த ஒரு மரத்தின் அடியைத் தோண்டிப் பார்த்தேன். பையின் வடிவம் மாறாமல் வேர் பிரிமனை போலச் சுருண்டிருந்தது. இரண்டு முதல் மூன்று அடி உயரமும் பென்சிலைவிடத் தடித்த தண்டும் உள்ள, ஓராண்டுக்கு மேற்படாத கன்று போதும். நல்ல மண்ணில் அது இரண்டே ஆண்டுகளில் பத்தடிக் கன்றை எட்டிப் பிடித்துவிடும்.

வாங்கும்போது பையின் அடியைப் பாருங்கள். தடித்த வேர் பையைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து பண்ணையின் தரையில் இறங்கியிருந்தால், கன்றைத் தூக்கும்போது அந்த வேர் அறுந்திருக்கும், அதை விட்டுவிடலாம். குச்சியை அவிழ்த்தால் தானாக நிற்கும் கன்றாக இருக்க வேண்டும். தண்டின் அடியில் வெட்டுக்காயமோ, இறுகிய கயிற்றின் தழும்போ இருக்கக் கூடாது.

இதைவிடச் சிறந்த வழி விதையிலிருந்து வளர்ப்பது. புங்கில் அது மிக எளிது என்பதால் யாரையும் முயன்று பார்க்கச் சொல்வேன். மாசி முதல் சித்திரை வரை மரத்தடியில் பழுப்பு நிறத்தில் தட்டையான காய்கள் உதிர்ந்து கிடக்கும். பெரும்பாலும் காய்க்கு ஒரு விதைதான். உங்கள் ஊரிலேயே நிமிர்ந்து, அகன்று, நோயின்றி நிற்கும் மரத்தைத் தேர்ந்து, அதனடியில் பொறுக்குங்கள். அந்த மண்ணுக்கும் மழைக்கும் பழகிய மரத்தின் விதை அது. ஓட்டை உடைத்து விதையை எடுத்து, ஓர் இரவு தண்ணீரில் ஊற வைத்து, ஓர் அங்குல ஆழத்தில் படுக்கை வாட்டில் ஊன்றினால் இரண்டு வாரத்துக்குள் முளைத்துவிடும். உயரமான பையாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். பைக்கான மண்ணில் பழைய புங்கமரத்தடி மண் ஒரு கைப்பிடி கலந்தால், வேர்முடிச்சுக்குத் தேவையான நுண்ணுயிர்கள் அதிலேயே வந்துவிடும். சித்திரையில் ஊன்றிய விதை, ஐப்பசி மழைக்கு நடும் பருவத்தில் இருக்கும். விதை நெடுநாள் தாங்காது. அடுத்த ஆண்டுக்கென்று எடுத்து வைக்க வேண்டாம்.

குழியும் நடவும்

வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் மாவட்டங்களில் புரட்டாசிக் கடைசியிலோ ஐப்பசித் தொடக்கத்திலோ நட வேண்டும். மூன்று மாத மழையும் பனியும் கிடைத்தால் கோடைக்குள் வேர் ஊன்றிவிடும். தென்மேற்கு மழை நன்றாகப் பெய்யும் கன்னியாகுமரி, தென்காசிப் பக்கங்களில் ஆனியில் நடலாம்.

குழி மூன்றடி அகலமும் இரண்டடி ஆழமும் இருக்கட்டும். ஆழத்தைவிட அகலம் முக்கியம், ஏனெனில் முதல் சில ஆண்டுகளில் உணவு தேடும் வேர்கள் பக்கவாட்டில்தான் ஓடும். களிமண் நிலத்தில் மண்வெட்டி பட்ட இடம் பானையின் உட்புறம் போல வழவழப்பாகிவிடும். கடப்பாரையால் பக்கங்களைக் கொத்திவிட வேண்டும். இல்லையென்றால் வேர் அந்தச் சுவரை ஊடுருவாமல் குழிக்குள்ளேயே சுற்றும். சுக்கான்பாறை தட்டினால் கடப்பாரையால் உடைத்து, ஓரிடத்திலாவது கீழே வழி ஏற்படுத்துங்கள். எடுத்த மண்ணையே திரும்ப இட வேண்டும். அதில் ஒரு கூடை நன்கு மக்கிய தொழுவுரமும், கரையான் உள்ள நிலமானால் இரண்டு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கும் கலந்தால் போதும். குழி முழுவதையும் எருவாலும் செம்மண்ணாலும் நிரப்புகிறவர்கள் கன்றுக்கு நன்மை செய்வதாக நினைக்கிறார்கள். உண்மையில் அந்த வளமான குழியை விட்டு வெளி மண்ணுக்கு வேர் போக விரும்பாது. எரு சரியாக மக்காமல் சூடாக இருந்தால் வேர் வெந்துவிடும்.

குழியை நிரப்பி, தண்ணீர் விட்டு, இரண்டு நாள் மண் படிய விட்ட பிறகு நடுவில் பை அளவுக்குப் பள்ளம் பறித்து நடுங்கள். படியாத மண்ணில் நட்டால் கன்று பிறகு கீழே இறங்கிவிடும். பையைப் பக்கவாட்டில் கிழித்து முழுவதுமாக நீக்க வேண்டும். அடியை மட்டும் கிழித்து அப்படியே புதைப்பது கூடாது. அடியில் வேர் சுற்றியிருந்தால் கூர்மையான கத்தியால் அந்த ஓரங்குல வட்டத்தைத் தயங்காமல் அறுத்துவிடுங்கள். வெட்டிய இடத்திலிருந்து புதிய வேர்கள் நேராக இறங்கும். தண்டும் வேரும் சேரும் கழுத்துப் பகுதி தரைமட்டத்தில் இருக்க வேண்டும். கன்று ஆடாமல் நிற்கட்டும் என்று அரையடித் தண்டைச் சேர்த்துப் புதைப்பது மிகப் பரவலான தவறு. மண்ணுக்குள் போன தண்டின் பட்டை நாளடைவில் அழுகும். ஆடாமலிருக்க ஒரு மூங்கிலைச் சற்றுத் தள்ளி ஊன்றி, வாழைநாராலோ துணியாலோ எட்டு வடிவில் தளர்வாகக் கட்டுங்கள். காற்றில் தண்டு கொஞ்சம் அசைந்தால்தான் அது தடிக்கும். ஓராண்டு கழிந்ததும் குச்சியை எடுத்துவிட வேண்டும்.

புங்க இலை கசப்பானது என்பதால் ஆடுகள் முதலில் அதை நாடுவதில்லை. ஆனால் பச்சையே இல்லாத கோடையில் குருத்தைக் கடித்துவிடும். மாடு உடம்பைத் தேய்த்தாலும் இளங்கன்று முறிந்துவிடும். எனவே ஐந்தடி உயரத்துக்கு முள்வேலியோ கூண்டோ தேவை. இரும்புக்கூண்டு வைப்பவர்கள் அதை எந்த ஆண்டு எடுப்பது என்பதையும் அன்றே குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கம்பியை விழுங்கிக்கொண்டு வளர்ந்த மரங்களை நம் தெருக்களில் எத்தனையோ பார்க்கிறோம்.

முதல் மூன்று கோடை

நட்ட மரம் சாவது பெரும்பாலும் முதல் கோடையில்தான். மழை நின்ற தை மாதத்திலிருந்து வாரம் இரண்டு முறை, முறைக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். நாள்தோறும் ஒரு செம்பு ஊற்றுவதைவிட இது நல்லது. மேலே மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே தங்கிவிடும், மண்ணின் ஆழம் நனைந்தால் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும். இரண்டாம் கோடையில் வாரம் ஒரு முறை மூன்று குடமும், மூன்றாம் கோடையில் மாதம் இரண்டு முறையும் போதும். பாத்தியை ஆண்டுதோறும் அகலப்படுத்தி, தண்ணீரைத் தண்டிலிருந்து தள்ளி விடுங்கள்.

வாரம் தவறாமல் ஊற்ற முடியாதவர்கள், பூச்சு இல்லாத மண்பானை ஒன்றைக் கன்றிலிருந்து ஓரடி தள்ளிக் கழுத்து வரை புதைத்து, தண்ணீர் நிரப்பி மூடி வைக்கலாம். அது மெல்லக் கசிந்து சுற்றிலும் ஈரம் காக்கும். அத்துடன் காய்ந்த சருகு, தென்னை மட்டைத்தும்பு, கரும்புச் சோகை எது கிடைத்தாலும் நான்கு அங்குலத்துக்கு மூடாக்குப் போடுங்கள். தண்டைத் தொடாமல் ஒரு சாண் இடைவெளி விட்டுப் போட வேண்டும்.

கிளை கழிப்பது

புங்குக்கு ஒரு குணம் உண்டு. தன் போக்கில் விட்டால் இடுப்பளவிலேயே கிளைத்து, இரண்டு மூன்று தண்டுகளாகப் பிரிந்து புதராகிவிடும். ஆற்றங்கரையில் அது அழகு. வீட்டு முற்றத்தில் ஆள் நடமாட முடியாது. அதனால் முதல் ஐந்தாறு ஆண்டுகள் ஆண்டுக்கு ஒரு முறை கத்தரி வைக்க வேண்டியிருக்கும். உயிரோடிருக்கும் மரத்துக்கு இதைவிடப் பெரிய உதவி நம்மால் செய்ய முடியாது என்பது என் கருத்து.

முதலாண்டில் எதையும் வெட்டாதீர்கள். கீழ்க்கிளைகளின் இலைகள்தாம் அடித்தண்டைத் தடிக்க வைக்கின்றன. அவற்றைக் கழித்து, குச்சி போல நெட்டையாக வளர்த்த கன்று தன் தலையைத் தானே சுமக்க முடியாமல் வளைந்துவிடும். இரண்டாம் ஆண்டில் நேராக மேலேறும் ஒரு தண்டைத் தலைவனாக வைத்துக்கொண்டு, அதனோடு போட்டியிடும் இணைத்தண்டைப் பாதியாகக் குறுக்குங்கள். ஒரே அளவில் குறுகிய கோணத்தில் பிரியும் இரட்டைத் தண்டுகளே பிற்காலத்தில் புயலில் கிழியும். மூன்றாம் ஆண்டிலிருந்து கீழ்க்கிளைகளை ஆண்டுக்கு இரண்டு மூன்றாக நீக்கி, ஆறாம் ஆண்டுக்குள் அடிமரத்தை எட்டடி வரை வெறுமையாக்கினால் அதன் கீழ் ஆட்கள் தாராளமாக நடக்கலாம். ஒரே ஆண்டில் மரத்தின் தழையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது.

இலையுதிர்ந்து தளிர் வருவதற்கு முன்னுள்ள நாட்கள் கழிப்பதற்கு ஏற்றவை. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் சற்றுப் புடைத்த வளையம் இருக்கும். அந்த வளையத்தைக் காயப்படுத்தாமல் அதற்கு வெளியே வெட்டினால் காயத்தை மரம் தானாகவே மூடிக்கொள்ளும். முழங்கை நீளத்துக்கு மொட்டைக் கட்டை விட்டு வெட்டினால் அது அழுகி, அழுகல் உள்ளே இறங்கும். கனமான கிளையானால் முதலில் ஓரடி தள்ளி அடிப்பக்கத்தில் கொஞ்சம் அறுத்து, பிறகு அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்து எடையை இறக்கிவிட்டு, கடைசியில் வளையத்தருகே சுத்தமாக அறுக்க வேண்டும். இல்லையேல் கிளை விழும்போது அடிமரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். காயத்துக்குத் தார், சாணம், பெயின்ட் எதுவும் பூச வேண்டாம். தலையை மட்டமாக வெட்டிவிடும் வழக்கத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்; வெட்டிய இடத்தில் கொத்தாகக் கிளம்பும் போத்துகள் வலுவற்ற பிடியில் நிற்பவை, அடுத்த புயலில் முதலில் முறிபவை அவையே.

இலைக் கொப்புளமும் உதிர்வும்

மூன்றாம் நான்காம் ஆண்டில் இலைகளின் மேல் பரு போலவும் விரல் போலவும் சிறு கொப்புளங்கள் நிறையத் தோன்றும். மரத்துக்கு நோய் வந்துவிட்டது என்று பலர் மருந்தடிக்கப் புறப்படுவார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைச் சிலந்திப்பேன் இலையைத் துளைத்து வாழ்வதால் ஏற்படும் முண்டுகள் அவை. பார்க்க அழகில்லை என்பதைத் தவிர, வளர்ந்த மரத்துக்கு அவற்றால் பெரிய தீங்கில்லை. அந்த இலைகள் உதிரும் பருவத்தில் கூட்டி எடுத்துவிட்டால் போதும். பூச்சிமருந்து அடித்தால் பூக்காலத்தில் தேனீக்கள்தாம் சாகும். கரையான் புற்றுமண் தண்டில் ஏறினால் தேய்த்துவிட்டு, அடியில் வேப்பம்புண்ணாக்கோ புங்கம்புண்ணாக்கோ இடுங்கள்.

புங்கின் உதிர்வைப் பற்றி முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். ஆண்டில் மூன்று முறை மரத்தடி நிறையும்: இலை, பூ, காய். வெளிர் இளஞ்சிவப்பு கலந்த வெண்பூக்கள் கோடையில் கொட்டிக் கிடப்பதைச் சங்கப் பாடல்கள் பொரி சிதறியது போல என்று சொல்கின்றன. அத்தனை சரியான உவமை அது. வண்டியின் மேல் அந்தப் பொரி நாள்தோறும் விழுவது பிடிக்காதவர்கள் நிறுத்துமிடத்தைத் தள்ளி அமைத்துக்கொள்ளுங்கள். சருகை எரிக்காமல் பாத்தியிலேயே போட்டால் அதுவே உரம். விதையில் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெய் இருக்கிறது; விளக்கெரிக்கவும் சோப்புக்கும் அது பயன்படும், ஆனால் உண்ணத் தக்கதல்ல. சிறு பிள்ளைகள் விதையை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஐந்து முதல் ஏழு ஆண்டுகளில் உட்காரத் தக்க நிழல் கிடைக்கும். அதன் பிறகு மரத்துக்கு வரும் ஆபத்து பெரும்பாலும் மனிதர்களிடமிருந்துதான். முற்றத்துக்குத் தளக்கல் பதிக்கும்போது அடிமரத்தை ஒட்டிச் சிமென்ட் பூசிவிடுவார்கள். வேருக்குத் தண்ணீரும் காற்றும் போகாது. மரத்தைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குச் சிமென்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் டெல்லி மரங்கள் குறித்து ஆணையிட்டது. வீட்டு மரத்துக்கு ஒரு மீட்டர் என்பதைக் குறைந்த அளவாக வைத்துக்கொண்டு, முடிந்தால் இரண்டு மீட்டர் மண்ணாகவே விடுங்கள். குழாய்க்கோ கம்பிக்கோ பள்ளம் தோண்ட ஆட்கள் வரும் நாளில் வீட்டில் இருந்து, அடிமரத்திலிருந்து பத்தடிக்குள் இயந்திரம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேறு வழியில்லாமல் அதற்குள் தோண்ட நேர்ந்தால், மண்வெட்டியால் தோண்டச் சொல்லி, மணிக்கட்டளவு தடித்த வேர்களை வெட்டாமல் அவற்றின் அடியில் குழாயை நுழைக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்து வேர் முழுவதையும் இழந்த மரம் அடுத்த கார்த்திகைக் காற்றில் மறுபக்கம் சாய்ந்துவிடும்.